சொல்லாமல் கை எடுக்கக் கூடாது

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வாயாடி நாத்தனார் எழுதுவது. போனில் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. நீங்களும் அழ, உங்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற உங்கள் அக்கா போனைப் பிடுங்கி, "படுத்துக் கிடக்குறவளை ஏண்டி அழ வைக்கிற?" என்று திட்ட, எதற்கு வம்பு? கடிதத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

இடுப்பு எப்படி இருக்கிறது? எழுந்து உட்கார முடிகிறதா?

நீங்கள் விழுந்த மறுவாரமே நம் சலவை ஆலைக்கு ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார்கள். முதுகு போகாமல் பாரம் தூக்குவது எப்படி என்று பாடம். மனிதர் ஒரு வெறும் அட்டைப்பெட்டியை முழங்கால் மடக்கி, நெஞ்சோடு அணைத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டினார். கைதட்டினோம். இஸ்திரி போடும் அக்கா சும்மா இருப்பாளா? "ஐயா, அப்படியே இதையும் ஒரு கை பாருங்க" என்று, ஆஸ்பத்திரிப் போர்வைகள் ஈரத்தோடு நிரம்பிக் கிடந்த தொட்டியைக் காட்டினாள். கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. நல்ல மனிதர்தான். பாதிக்கு மேல் நிரப்ப விடாதீர்கள், இரண்டு பேர் இல்லாமல் தூக்க விடாதீர்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மேனேஜர் தலையாட்டியதோடு சரி.

அன்று எனக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால், நீங்கள் தனியாகத் தூக்கிய தொட்டியின் மறுபக்கக் கைப்பிடி என் கையில் இருந்திருக்கும். அதை நினைத்தால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

இப்போது எனக்கு ஜோடியாக ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நாம் எப்படி இருப்போம்? தொட்டியை இறக்கியதும் ஒருத்தி "கை எடுக்குறேன்" என்பாள், மற்றவள் "எடுங்க" என்ற பிறகுதான் பிடியை விடுவோம். இவள் வாயே திறக்காமல் பொசுக்கென்று விட்டுவிடுகிறாள். பாரமெல்லாம் என் பக்கம் சாய்கிறது. உங்கள் அருமை இப்போதுதான் தெரிகிறது.

அண்ணன் நன்றாக இருக்கிறார். வேலை அதிகம்.

உங்கள்
வாயாடி


மார்ச் 15

என் செல்ல வாயாடிக்கு,

அட்டைப்பெட்டிக் கதையைப் படித்துச் சிரித்துத் தொலைத்தேன். சிரித்தால் இடுப்பில் சுளீர் என்கிறது. இனி சிரிக்கவைத்தால் உன் மேல் கேஸ் போடுவேன்.

உட்கார முடிகிறது, கொஞ்ச நேரம். இடது கால் மரத்தே கிடக்கிறது. முதுகெலும்பில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறதாம். "இனிமே நீங்க பாரமே தூக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர். எது பாரம் என்று கேட்டேன். "ஒரு வாளித் தண்ணிகூட பாரம்தான்" என்றார். அந்த ஆலையில் நான் தூக்கிய ஈரத்துணியை எல்லாம் காயப்போட்டால் இந்த ஊரையே மூடலாம். இப்போது ஒரு வாளிக்கு ஆகாதவளாகிவிட்டேன்.

காய்ச்சல் வந்தது உன் குற்றமா? பைத்தியம். ஆள் இல்லை, தூக்க மாட்டேன் என்று நான் நின்றிருக்க வேண்டும். சூப்பர்வைசர் முறைக்கிறாரே என்று தூக்கினேன். ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேள். தூக்கும்போது என் இடுப்பு போகவில்லை, திரும்பும்போதுதான் போனது. பாதத்தை நட்ட இடத்திலேயே வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்பினேன். நீ காலைத் திருப்பு. பாதம் போகிற பக்கம் வயிறு போகட்டும். தொட்டிக்குள் ஒரு கோடு போட்டு வை. பாதி, பாதி என்று வாயால் சொன்னால் ஆளுக்கொரு பாதி இருக்கும். அந்தப் புதுப் பெண்ணையும் திட்டாதே. சொல்லிக்கொடு. நீ முதல் நாள் என்ன லட்சணத்தில் பிடித்தாய் என்று எனக்குத்தானே தெரியும்.

உன் அண்ணனை ஒரு தடவை வரச் சொல். வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா? வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். கண்ணாடிப் பலகையில் என் சீப்பு இருக்கும், வரும்போது கொண்டுவரச் சொல். அக்காவின் சீப்பு என் முடிக்கு இறங்குவதில்லை.

உன்
அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கோடு போட்டாயிற்று! பெயின்ட் கேட்டால் தரமாட்டார்கள். கண்ணாடிப் பலகையில் உங்கள் சிவப்பு நகப்பூச்சு இருந்தது, எடுத்துவிட்டேன். நம் வரிசைத் தொட்டிகளுக்குள் பாதி உயரத்தில் சுற்றிலும் இழுத்தேன். புட்டி காலி. மன்னிக்க வேண்டும்.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இதென்ன உங்க அப்பன் வீட்டுத் தொட்டியா?" என்று கத்தினார்.

"தொட்டி உங்களுதுதான் சார், இடுப்புதான் எங்க அப்பன் குடுத்தது" என்றேன்.

இஸ்திரி அக்கா சிரித்த சிரிப்பில் அவர் அடுத்த வரிசைப் பக்கம் போய்விட்டார். ஆனால் பாதிப் பாதியாக எடுப்பதில் நடை அதிகம் அண்ணி. முதல் வாரம் நம் வரிசைதான் கடைசி. "நகப்பூச்சு ராணிகள்" என்று அடுத்த வரிசைக்காரிகள் கேலி செய்தார்கள். அதற்குள் அவர்களில் ஒருத்திக்கே முதுகு பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவர்களே வந்து கோடு போட்டுத் தரச் சொன்னார்கள். சக்கரம் சிக்கிக் கிடந்த டிராலியையும் பழுது பார்த்தாயிற்று. புதுப் பெண் இப்போது "கை எடுக்குறேன்க்கா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள்.

சீப்பைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அண்ணனுக்கு ஷிப்டு மாறியிருக்கிறது.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 14

என் வாயாடிக்கு,

வாசல்வரை நடந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் நடந்தேன். என் நகப்பூச்சு இத்தனை பேர் இடுப்பைக் காப்பாற்றும் என்று தெரிந்திருந்தால் இரண்டு புட்டி வாங்கி வைத்திருப்பேன்.

சீப்பு வந்தது. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பக்கம் தொட்டியைப் பற்றி எழுதுகிறாய், அவரைப் பற்றி ஒரே வரி. வாயாடி வாயை மூடிக்கொண்டால் வீட்டில் ஏதோ நடக்கிறது என்றுதான் அர்த்தம். சீப்பு ஏன் பார்சலில் வந்தது? நான் கேட்டது சீப்பையா?

மறைக்காமல் எழுது. படுத்துக் கிடக்கிறவளுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நீ எழுதப்போவதைவிட மோசமாகவே நான் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அண்ணி


மே 3

அண்ணிக்கு,

எழுத வரவில்லை. மூன்று தடவை கிழித்துப்போட்டேன்.

அண்ணன் வரமாட்டான். "இடுப்பு போனவளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவ அக்கா பாத்துக்கட்டும்" என்கிறான். பிரிந்துவிடலாம் என்று வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அவன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் அந்த இடுப்புதான் எங்கள் ரெண்டு பேருக்கும் சோறு போட்டது என்று அவன் முகத்துக்கு நேராகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டானே ஒழிய, மனசு மாறவில்லை. இனி அவனை எனக்கு 'அவர்' என்று எழுத வராது.

நான் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். இஸ்திரி அக்கா வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை கிடைத்தது. படியே கிடையாது, உங்கள் காலுக்குத் தோது. ஒரு கட்டில்தான் இருக்கிறது. அது உங்களுக்கு. எனக்குத் தரை போதும். இங்கே வந்துவிடுங்கள் அண்ணி. குளிக்கவைப்பதில் இருந்து தலை வாருவதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களைத் தூக்கக்கூட எனக்குத் தெம்பு இருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மேனேஜரே ஆள் வைத்து, ஆலையில் இருக்கும் எல்லாத் தொட்டியிலும் சிவப்பு பெயின்டில் கோடு போட்டுவிட்டார். உங்கள் கோடு.

எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

வாயாடி


மே 17

என் கண்ணே,

உன் கடிதத்தை அக்காதான் படித்துக் காட்டினாள். என் கண்ணில் எழுத்து நிற்கவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதனால் பயப்படாமல் படி.

வரமாட்டேன்.

உனக்கு வயசு இருக்கிறது, உன் வாழ்க்கை இருக்கிறது. பகலெல்லாம் தொட்டி தூக்கிவிட்டு வந்து, வீட்டில் என்னைத் தூக்குவாயா? எத்தனை வருஷத்துக்கு? இரண்டு பேர் தூக்க வேண்டியதை ஒருத்தி தூக்கினால் என்ன ஆகும் என்று என்னைப் பார்த்த பிறகுமா தெரியவில்லை? நான் கோட்டுக்கு மேலே நிரம்பிய தொட்டி. உன் இடுப்பும் போனால் உனக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா குடும்பம் அடுத்த மாதம் வீடு மாறுகிறது. நானும் அவர்களோடு போகிறேன். உட்கார்ந்து பொத்தான் தைக்கிற வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. விலாசம் தரமாட்டேன். தந்தால் நீ வந்து நிற்பாய், உன்னைப் பார்த்தால் நான் வந்துவிடுவேன்.

உன் அண்ணனும் நானும் சேர்ந்து தூக்கிய குடும்பம். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டார். இடுப்பு போன அன்றுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. அதை உனக்கு நான் செய்ய மாட்டேன். நம் வழக்கப்படி சொல்லிவிட்டே செய்கிறேன்.

கை எடுக்குறேன், வாயாடி.

'எடுங்க' என்று ஒரு வரி எழுதிப் போடு. வீடு மாறுவதற்குள் வந்துவிட்டால் எனக்கு நிம்மதி.

உன்
அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

ஜூன் மாதம் எழுதிய இரண்டு கடிதங்களும், அந்த வீட்டில் ஆள் இல்லை என்று உறையில் எழுதித் திரும்பி வந்துவிட்டன. இதுவும் வரும். உங்கள் அக்கா போன் நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது. உங்களுக்கு எழுத எனக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான், அதனால் இதற்கே எழுதுகிறேன்.

எல்லாத் தொட்டியிலும் கோடு போட்ட பிறகு ஆலையில் யாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அது கம்பெனி போட்ட கோடு என்று நினைக்கிறார்கள். இல்லை, என் அண்ணி போட்டது என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாயாடி என்று பெயர் வைத்தீர்களே, அதற்காகவாவது சொல்ல வேண்டாமா?

கட்டிலில் நான் படுப்பதில்லை. "கட்டில் காலியாக் கிடக்க, உனக்கு என்னடி தரை?" என்று இஸ்திரி அக்கா கேட்டாள். ஆள் வரணும் என்றேன்.

நீங்கள் சொல்லித்தந்த வழக்கத்தை நீங்களே மறந்துவிட்டீர்கள் அண்ணி. ஒருத்தி சொன்னால் மட்டும் போதாது. மற்றவள் பதில் சொல்லும்வரை பிடியை விடக் கூடாது. நான் 'எடுங்க' என்று சொல்லவில்லை. அந்த இரண்டு கடிதத்திலும் சொல்லவில்லை, இதிலும் சொல்லப்போவதில்லை.

என் பக்கத்தை நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

உங்கள்
வாயாடி