அம்மா செய்த ராக்கெட்

மார்ச் 4
வேலை போய் மூன்று மாதம். எங்கள் ராக்கெட் கடலில் விழுந்ததும் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது, நானும் ஒருத்தி. இன்று லிஃப்டில் பக்கத்து வீட்டு அக்கா, "என்னம்மா, லீவா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்: "எங்கம்மா செஞ்ச ராக்கெட் வெடிச்சுப் போச்சு!" ஐந்து வயதுக்கு என்ன குரல்! எங்கள் மாடி வரும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 6
என் வேலை விண்ணப்பத்தை வீட்டுக்காரர் திருத்தினார். "அந்த ராக்கெட் கதையை எடுத்துடு. நாலு வருஷ அனுபவம்னு மட்டும் போடு." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். எடுத்துவிட்டேன். அப்புறம் படித்தால் அந்த நாலு வருஷத்தில் செய்தது எதையும் காணோம். அது இல்லாமல் நான் என்னதான் கிழித்தேன்?

மார்ச் 11
அம்மா போனில்: "காலேஜ்ல பாடம் எடுக்கலாம்ல? மாசம் பொறந்தா சம்பளம்." தப்பில்லை. தனியார் ராக்கெட் கம்பெனி என்றால் இன்று திறப்பு விழா, நாளை பூட்டு. ஆனாலும் எரிந்து விழுந்தேன். பாவம் அம்மா.

மார்ச் 13
நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. சின்ன ராக்கெட் கம்பெனி. இதுவும் இல்லையென்றால் கல்லூரிதான்.

மார்ச் 17
நேர்காணல் அறை அலமாரியில் கருகிய குழாய், பிளந்த தொட்டி. தூக்கிப் போடாமல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்! தலைமைப் பொறியாளரின் முதல் கேள்வி: "நீங்க செஞ்சதுல எது உடைஞ்சிருக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தேன் — இந்த அலமாரிக்கு முன்னாடி நின்னு பொய் சொல்றதா? பேனாவை வாங்கிப் பலகையில் வரைந்தேன். கடுங்குளிரான திரவ ஆக்ஸிஜன் போகும் வால்வு. நிரப்பும் முன் உலர்ந்த வாயுவை ஊதி, குழாயில் ஈரமே இல்லாமல் செய்ய வேண்டும். அன்று மழை, நேரமாகிறதென்று மேலிடம் பாதியில் நிறுத்தச் சொன்னது. மிச்ச ஈரம் பனிக்கட்டியாகி, வால்வு பாதி திறந்தபடி உறைந்துபோனது; எஞ்சினுக்கு ஆக்ஸிஜன் போதாமல் ராக்கெட் கடலில் விழுந்தது.

"இனிமே யாராவது நிறுத்தச் சொன்னா?"

"குழாய் மேல ஏறி உக்காந்துக்குவேன் சார்."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 24
கிடைத்துவிட்டது. ஒரு வருஷ ஒப்பந்தம்தான். அதற்கப்புறம் என்னவென்று யாருக்குத் தெரியும்? இன்று முதல் நாள். லிஃப்டில் அதே அக்கா. மகள் விடுவாளா?

"அம்மாவுக்கு வேலை கிடைச்சிருச்சு! ராக்கெட் வெடிச்சதுல்ல, அதனால!"

"வெடிக்கலைடி. வால்வு உறைஞ்சு போச்சு. சரியா சொல்லு" என்றேன்.

அக்கா, "வால்வுன்னா?" என்றார். கீழ்த்தளம் வந்து கதவு திறந்தது. நின்று, சொல்லிவிட்டுத்தான் போனேன்.