பதினேழாம் பக்கத்தின் சாட்சி

நான் சங்கரநாராயணன், கரமனையிலிருந்து எழுதுகிறேன். இதைப் படிக்க நீ உயிரோடு இல்லை என்பதை அறிவேன். ஆயினும் நாளை நான் செய்யப்போவதை முதலில் உனக்குத் தெரிவிப்பதே முறை.

நம் தவறுக் குறிப்பேடு என் மேசைமேல் இருக்கிறது. அதே நீல அட்டை. பதினேழாம் பக்கத்தில் உன் காப்பிக் கறை. மடிப்பில் உன் கறுப்புப் பேனா. அலுவலக அலமாரிகளைக் காலி செய்தபோது பழைய காகிதத்தோடு போகவிருந்தது. கேட் பாஸ் பெற்றே வெளியே கொண்டுவந்தேன். "குப்பைக்கும் பாஸ் வாங்கறவன் நீ ஒருத்தன்தாண்டா" என்று சிரித்திருப்பாய்.

நம் நிறுவனத்தில் பதினொரு பேர் மட்டும் இருந்தபோது, குறிப்பேட்டின் விதிகளை நாம் இருவரும்தான் வகுத்தோம். தவறு செய்தவர் தம் கையால் எழுத வேண்டும். இன்னொருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். எழுதியதற்காக எவரையும் தண்டிக்கக் கூடாது. வேலை நிரந்தரமாகாதவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அது நாம் விட்ட ஓட்டை.

ஒரு திங்கட்கிழமை, சோதனை சர்வர் என்று எண்ணி வாடிக்கையாளரின் சர்வரையே அழித்தான் வினோத். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் விடுப்பிலிருந்து திரும்பிய நீ அதை உன் தவறாகப் பதினேழாம் பக்கத்தில் எழுதப் பேனாவை எடுத்தாய்; நான் தடுத்தேன். "அவன் ஜோலி இன்னும் ஸ்திரமாகலைடா. நான் எழுதிக்கறேன், சாரமில்லை, ஒண்ணும் ஆகாது. நீ கையெழுத்துப் போடு" என்றாய். போட்டேன். வாழ்நாளில் நான் இட்ட ஒரே பொய்க் கையொப்பம் அது.

ஆண்டுகள் கழித்து ஆட்குறைப்பு வந்தது. துறைத்தலைவனாகியிருந்த வினோத் அதே பக்கத்தைப் பிரித்து, எல்லோர் முன்னிலையிலும் கேட்டான்: "சேட்டா, இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான்" என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். கேட்கப்படாதவன் பேசக்கூடாது என்பது விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையே காரணம் காட்டி, அன்று பகலிலேயே உன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஓராண்டு முடியுமுன் நீ போய்விட்டாய். ஸ்ரீவராகத்தில் உன் வீட்டுக்கு வந்த வினோத், "பாவம், நல்ல மனுஷன், சேச்சி" என்று உன் மனைவியிடம் கைகூப்பினான். அந்தக் கைகளை நான் மறக்கவில்லை.

அதன்பின் குறிப்பேட்டில் எவரும் எழுதவில்லை. இப்போது எங்களிடையே போகும் மின்னஞ்சல் ஒவ்வொன்றும், தவறு வேறொருவருடையது என்பதற்கான முன்கூட்டிய சாட்சியம்.

நாளை 'மனம் திறப்போம்' என்றொரு கூட்டம். மூத்த ஊழியன் என்பதால் வினோத்தே என்னை அழைத்திருக்கிறான். "சாரே, ஏதாவது பழைய கதை சொல்லணும், கேட்டோ."

சொல்வேன். நீ அவனை மன்னித்திருப்பாய். உன் மன்னிப்பு என்னைக் கட்டுப்படுத்தாது. அந்தத் திங்களன்று நீ விடுப்பில் இருந்த பதிவின் நகல் என்னிடம் உள்ளது. அவன் முகத்துக்கு நேரே பதினேழாம் பக்கத்தை வாசிப்பேன். உன் பெயரை ஒற்றைக் கோட்டால், படிக்கும்படியாகவே, அடித்துவிட்டு அவன் பெயரை எழுதுவேன். அடுத்த பக்கத்தில் என் தவறுகளை எழுதுவேன்: பொய்ச் சாட்சியிட்டேன், பேச வேண்டிய நாளில் பேசவில்லை. நம் விதி இன்று எவரையும் காப்பதில்லை. என் வேலை போகும். போகட்டும்.

பிறகு, என் பக்கத்தின் சாட்சிக் கையொப்பத்துக்காக, உன் பேனாவை வினோத்திடம் நீட்டுவேன்.