தகப்பன் பெயரும் மகன் பெயரும்

12.11.1996, செவ்வாய். மிச்சம், தெற்கு லண்டன்.

கோபம் இன்னும் ஆறவில்லை. கானாவில் திறக்கப்போகும் வங்கிக் கிளைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பித்தவர்கள் சொல்வது உண்மைதானா என்று லண்டனிலிருந்து விசாரிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. இன்று ஒரு இளைஞரின் விபரங்களை மனேஜர் என் மேசையில் தூக்கிப் போட்டார்.

"தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறொன்று. ஆள் பொய்க்காரன். சந்தேகம் என்று எழுதி முடி, கணேஷ்."

நான் தகப்பனுக்கே போன் எடுத்தேன். "அது என் பாட்டனாரின் பெயர். பிள்ளை பிறந்ததும் நான்தான் வைத்தேன். எங்களிடம் அதுதான் வழக்கம்" என்றார். பள்ளிக்கூடத்துக்கும் எடுத்தேன். எல்லாம் சரி. மனேஜர் நம்பவில்லை.

"என் கடைசிப் பெயர் என் அப்பாவுடையது. என் மகனின் கடைசிப் பெயர் என் முதல் பெயர். அதுவும் இதுவும் வேறு வேறு. அப்படியென்றால் என் வீட்டில் எல்லோரும் பொய்க்காரரா?" என்று கேட்டேன்.

"சந்தேகம் என்றே எழுது" என்றார்.

"ஆள் சரி" என்று எழுதினேன்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கேன் உந்த வில்லங்கம்? வேலை போனா என்ன செய்யிறது?" என்றாள்.

"போனாப் போகட்டும். பொய் எழுத என்னால ஏலாது."

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அறிக்கைகளின் கீழே எப்போதும் கணேஷ் என்றுதான் கையெழுத்து வைப்பேன், அலுவலகத்தாரின் வாய்க்கு வசதியாக. இன்று அப்பாவையும் சேர்த்து, கணேசலிங்கம் சின்னத்தம்பி என்று முழுதாக வைத்தேன். நாளைக்கு மனேஜர் அதை வாய்விட்டுப் படிக்கட்டும்.