உங்கள் பெயருக்கு வந்த சாமான்

மதினி,

உங்கள் பெயர் ஒட்டிய அட்டைப் பெட்டியில்தான் இப்போது நான் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து டின்மீன் வந்த பெட்டி. நல்ல கனத்த அட்டை, அடுப்படிச் சுவர் கசிகிற இந்த மழையிலும் ஊறவில்லை. காலையில் சம்பலுக்கு வெங்காயம் எடுக்கக் குனிந்தால் உங்கள் பெயரும் அதற்குக் கீழே உங்கள் போன் நம்பரும் தெரிகின்றன. போனவர்கள் பெயரில் திவசம்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். உங்கள் பெயருக்கு ஒரு வேன் நிறையச் சாமான் வந்தது. அந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

விலைவாசி ஏறி, நோர்வூட் கடைகளில் பருப்பைக் கண்ணால் பார்ப்பதே பெரிய காரியமாக இருந்த அந்தக் காலத்தில்தான் இந்தக் கூட்டு வாங்கலை நீங்கள் தொடங்கினீர்கள். நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் ஒவ்வொருத்தியும் போனில் கொழும்புக் கடைகளைப் பார்த்துப் பார்த்து ஆளுக்கொரு பாக்கெட் வரவழைத்துக் கொண்டிருந்தோம். சாமான் விலையைவிடக் கொண்டுவரும் கூலி அதிகம். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் குடத்தை வைத்துவிட்டு நீங்கள் சத்தம் போட்டீர்கள்.

“ஆளுக்கொரு பாக்கெட்டு வாங்கி அந்த வேன்காரனத்தான் வாழ வைக்கிறீங்க! எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா ஒரே கூலிதானேடி?”

அன்றிலிருந்து மொத்த லயத்துப் பருப்பும் சீனியும் சவுக்காரமும் உங்கள் பெயருக்கு வந்தன. மொத்தமாக வாங்கியதில் மிச்சமானதை நீங்கள் யாருக்கும் திருப்பித் தரவில்லை. அதற்கும் சாமானாகவே போட்டு, வேலைக்குப் போக முடியாதவர்கள் வீட்டுக்கு ஒரு பை கொண்டுபோனீர்கள். அடுத்த தடவை மற்றவர்களும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டார்கள். கொழும்பில் தைக்கிற பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் போன் வழியாகவே சேர்ந்துகொண்டார்கள். பெயர் எதுவும் வைக்காமல் ஒரு பெரிய காரியம் தானாக வளர்ந்தது.

ஆனால் ஆட்களை வரவழைத்துக் கொடுப்பது மட்டும் உங்களுக்குப் பிடிக்காது. “பசிச்சவங்கள வரிசையில நிக்க வைக்காதீங்க. நாம நின்னது போதும்” என்பீர்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வரிசை, கொழுந்து நிறுக்க வரிசை, சம்பளத்துக்கு வரிசை என்று காலம் முழுக்க நின்ற கால்கள்தானே நம்முடையவை. அதனால் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறுவோம். வாசலில் நின்று, “கூட வந்திருச்சு, வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும், உள்ளே போகக் கூடாது, அது உங்கள் சட்டம்.

“பொய்தானே மதினி?” என்று ஒரு முறை கேட்டேன்.

“பொய்யில்ல நாத்தனா. நமக்கு வேணும்ங்கிறதுக்கு மேல வந்துச்சுன்னா அது கூட வந்ததுதானே?”

நீங்கள் போன பிறகு கூட்டு வாங்கல் அப்படியே நின்றிருந்தது. அப்புறம் இந்த மழை வந்தது. மேல் பிரிவில் லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டு, அங்கிருந்த குடும்பங்களை எல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் கோயிலிலிருந்தும் சர்ச்சிலிருந்தும் சமைத்த சாப்பாடு வந்தது. பிறகு அதிகாரிகள் வந்து பார்த்து, வெடிப்புக்குத் தள்ளி இருக்கிற வீட்டுக்காரர்கள் திரும்பலாம் என்றார்கள். ஆனால் எதை நம்பித் திரும்புவது? சேறு புகுந்து அரிசி மா எல்லாம் போயிருந்தது. மேல் பிரிவு மலையில் வேலையும் இல்லை. வெறும் சட்டிக்கு முன்னால் போய் உட்காரச் சொல்வதா? நம் பெண்கள் எல்லோரும் என் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் வந்து நின்றார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரி என்பதால், நீங்கள் விட்ட வேலை எனக்குத்தான் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். எழுதுவதைவிடப் பேசி அனுப்புவது எனக்குச் சுலபம். அதனால் போனில் குரல் அனுப்பியே நடத்தினேன். யார் பருப்பு போடுவது, யார் சீனி போடுவது என்று பிரித்துச் சொன்னால் ஒருத்தியும் கேட்கவில்லை.

“நா அரிசிதான் போடுவேன் சித்தி. அதுதான் புண்ணியம்.”

“எல்லாரும் அரிசியே போட்டா, அதுங்க சோத்துக்குச் சோத்தையா ஊத்தித் திங்கும்?”

அதைக் கேட்டு ஆளாளுக்குச் சிரிப்பு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் பருப்பும் டின்மீனும் நெத்தலியும் ஏறின. எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் அமுக்க வேண்டியதை என் பேத்தி கொழும்பிலிருந்து உங்கள் பழைய கணக்கிலேயே அமுக்கினாள். கணக்கு ஆபீசில் வேலை செய்கிறாள் மதினி, நீங்கள் பார்க்காமல் போய்விட்டீர்கள். இதைச் சொல்லாமல் எனக்கு ஒரு கடிதமும் முடியாது.

“அம்மாயி, ஒங்க பேருக்கு மாத்திடவா?” என்று அவள் கேட்டாள்.

“மதினி பேரிலயே இருக்கட்டும்” என்று நான் பெருமையாகச் சொன்னேன். நம் பக்கத்தில் ஆள் போனாலும் வீட்டுக்கு அந்த ஆள் பேர்தானே. தபால்காரர் கூடக் கேட்கமாட்டார். அதே நினைப்பில் இதையும் விட்டுவிட்டேன். பேருக்குப் பின்னால் ஒரு போன் நம்பர் இருக்கிறது, வேன்காரன் அதில்தான் கூப்பிடுவான் என்பது யாருக்குமே தோன்றவில்லை.

குடும்பங்கள் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது பேத்தி கூப்பிட்டாள்.

“அம்மாயி, போன் அமந்து கெடக்குன்னு வேன்காரங்க ரெண்டு நாளா திரும்பிப் போயிருக்காங்க. இன்னிக்குத்தான் கடைசி. இன்னிக்கும் எடுக்கலேன்னா சாமான் கொழும்புக்கே திரும்பிரும்.”

“நம்பர மாத்தேன்டி.”

“மாத்துறதுக்கும் அந்த போனுக்குத்தான் ஒரு நம்பர் வரும் அம்மாயி.”

கூடையை அங்கேயே போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நீங்கள் போனதிலிருந்து அவர் வெளியே வருவதே குறைவு. உங்கள் போனை உங்கள் சேலை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“அதத் தொடாத தங்கச்சி” என்றார்.

“அண்ணே…”

“அது அடிச்சா, அவ எடுக்கட்டும்னு நா பாட்டுக்கு உக்காந்துருக்கேன். அப்பறந்தான் ஞாபகம் வருது. அதான் அமத்தி வச்சுட்டேன்.”

அணையப் போன அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டேன். பிறகு நடந்ததை மட்டும் சொன்னேன். மேல் பிரிவு, பள்ளிக்கூடம், நாளைக்கு வீடு திரும்புகிறவர்கள், உங்கள் பெயருக்கு வந்து ரோட்டில் நிற்கிற அரிசி.

“அவ பேருக்கா?” என்றார்.

“மதினி பேருக்குத்தான்.”

எழுந்து போய்ச் சாவியைத் தேடினார். பூட்டைத் திறக்க நேரம் எடுத்தது. நான் உதவிக்குப் போகவில்லை.

லயத்துக்குள் சிக்னல் எடுக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா. சார்ஜ் ஏறியதும் கோயில் மேட்டுக்குப் போனோம். நீங்கள் நின்று “ஹலோ, ஹலோ” என்று ஊருக்கே கேட்கக் கத்துவீர்களே, அதே இடம். போனைத் திறந்ததும் இத்தனை மாதமாகத் தேங்கியிருந்ததெல்லாம் டிங் டிங் என்று வந்து விழுந்தது. அண்ணன் ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் அதைக் குருவிக்குஞ்சு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். தூறல் வந்தது. மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணியை அவிழ்த்து போனுக்கு மேலே பிடித்தேன். எங்கள் இரண்டு பேர் தலையும் நனைந்தது. வேன் ஏற்கெனவே திரும்பிவிட்டதோ என்று கீழே ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தேன்.

போன் அடித்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அவரே எடுத்தார்.

டிரைவர் சிங்களத்தில் உங்கள் பெயரைச் சொல்லி, அந்தம்மா இருக்கிறாரா என்று கேட்டார். அண்ணனுக்குத்தான் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாயிற்றே. சிங்களத்திலேயே சொன்னார். “எங்க வீட்டுக்காரம்மாதான். அவ வேலையா இருக்கா மாத்தயா. நா வர்றேன், கொஞ்சம் நில்லுங்க.”

அப்படித்தான் சொன்னார் மதினி. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், மழை என்று வைத்துக்கொள்ளலாம்.

சந்தியில் வேன் நின்றது. நம் பெண்கள் மலையிலிருந்து அப்படியே வந்து ஆளுக்கொரு பெட்டியாகத் தலையில் ஏற்றினார்கள். அண்ணன் முன்னால் நடந்து வழிவிடச் சொல்லி அதட்டிக்கொண்டே போனார். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்கு நெஞ்சிலிருந்து பாறையை இறக்கினது மாதிரி இருந்தது. உங்கள் போன் இப்போது பெட்டிக்குள் இல்லை. அவர் சட்டைப் பையில் இருக்கிறது. பேத்தி நம்பரை மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு, “நாந்தான் இருக்கேன்ல?” என்று அவளையும் அதட்டினார்.

பள்ளிக்கூடத்துப் பின்னறையில் பை போடும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அரிசி, பருப்பு, டின்மீன், நெத்தலி, மிளகாய்த்தூள், சீனி, தேயிலை எல்லாம் இருந்தன. உப்பு இல்லை. ஒருத்தியும் உப்புப் போடவில்லை. உப்பைக் கையால் கொடுத்தால் சண்டை வரும் என்று ஆளாளுக்கு அடுத்தவள் தலையில் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலமும் உப்பு உங்கள் கையாலேயே போயிருக்கிறது. ஒரு தடவை நான் தடுத்தபோது என்ன சொன்னீர்கள்?

“எவளாச்சும் எங்கூட சண்ட போட்டாப் போடட்டும்டி. சண்ட போடவும் தெம்பு வேணும்ல?”

தோட்டத்துக் கடைக்கு நானே போய் உப்பு வாங்கிவந்தேன். ஒவ்வொரு பையிலும் என் கையாலேயே வைத்தேன். மைதானத்தில் வரிசை வைத்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று யாரோ சொன்னதற்கு நான் காது கொடுக்கவில்லை. மறுநாள் அவர்கள் வீடு திரும்பியதும் பின்னாலேயே ஏறினோம். மூட்டு வலித்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, “கூட வந்திருச்சு, வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சில வீடுகளில் அதற்குள் புகை கிளம்பியிருந்தது. இறங்கும்போது கால் லேசாக இருந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட சோறுதான் பல நாளைக்குப் பிறகு எனக்கு ருசித்த சோறு. இனிமேல் உப்பு என் பொறுப்பு, மதினி. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

நேற்றுத் தண்ணீருக்குப் போனேன். நான் உப்பு வைத்த பையை வாங்கிய ஒருத்தி மேல் பிரிவிலிருந்து இறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்தவரைக்கும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவள், யார் கேட்டாலும் ஒரு வார்த்தை பேசாதவள். வந்த வேகத்திலேயே இடுப்பில் கைவைத்தாள்.

“என்னா பெரியம்மா, ஒங்க லயத்துக்காரங்க குழாய மூடாமப் போறதுல எங்க பக்கம் சொட்டுத் தண்ணி ஏறல! வயசானவங்க நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?”

“நாங்க மூடிட்டுத்தான்டி வந்தோம். ஒங்க குழாய்ல ஓட்ட இருந்தா எங்கள ஏன் கேக்குற?”

“ஓட்டையா? வந்து பாருங்க, வந்து பாருங்க!”

தொண்டை கிழியக் கத்தினாள் மதினி. பீலியில் இருந்தவர்கள் எல்லாம் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும் விடவில்லை, சளைக்காமல் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.