ஐந்து வரியை ஒரு வரியாக்கியவர்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து பிசுபிசு மழை. சாங்வி பாலத்தில் டிராஃபிக். ஸ்கூட்டியில் நனைந்துகொண்டு ஔந்த் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. ரெயின்கோட் அக்குளில் கிழிசல். புதுசு வாங்க வேண்டும்.

உட்காரக்கூட இல்லை, டீம் லீட் குல்கர்னி கூப்பிட்டார். "செல்வி, சாக்கன் மே ஸப் உட் கயா." எல்லாம் போச்சாம். சாக்கனில் இருக்கும் உதிரிபாக ஃபேக்டரி எங்கள் கிளையன்ட். நேற்று அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரில், தேவையில்லாத ஃபைல்களைக் கழிக்க நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஓடியிருக்கிறது. வைத்திருக்க வேண்டிய ஃபைல்களை முதலில் பட்டியல் எடுக்கும், மற்றதை அழிக்கும். நேற்று பட்டியல் காலியாக வந்திருக்கிறது. அப்புறம் என்ன, மொத்தமும் துடைத்துவிட்டது. ஒரு வாரத்துச் சோதனை ரிப்போர்ட் எதுவும் இல்லை.

வியாழக்கிழமை கிளையன்ட்டோடு நடக்கும் வீடியோ காலில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். மாதக் கடைசியில் என் புரொபேஷன் முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்பது இந்த மனிதர் வாயில்தான் இருக்கிறது. சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்து ஓட்டும் ஷெல்லில் அதற்கு ஐந்து கட்டளைகள் வேண்டும். பட்டியல் எடுக்கும் mapfile பழைய ஷெல்லில் கிடையாது. அதனால்தான் ஆரம்பத்திலேயே ஒரு சோதனை வைத்திருந்தேன். help என்று போட்டு ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் விளக்கம் வரும். அந்தப் பெயரே இல்லையென்றால் தோல்வி என்று திருப்பிச் சொல்லும். தோல்வி வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். ஐந்து பெயருக்கு ஐந்து வரி. நான் எழுதியது அதுதான்.

வெள்ளிக்கிழமை, எழுதிய கோடை எல்லோருமாக அலசும் ரிவ்யூ என்று ஒரு கூத்து நடக்குமே. குல்கர்னிக்கு ஒரே வேதம்: "ஏக் லைன் மே ஹோதா ஹை தோ ஏக் லைன்." ஒரு வரியில் முடியுமென்றால் ஒரே வரிதானாம். யார் எத்தனை வரி குறைத்தார்கள் என்பதுதான் அங்கே பெருமை. போன மாதம் என் சீட்டுக்கே வந்து, கீபோர்டை இழுத்து, தானே தட்டினார்:

help read declare printf local mapfile

"சார், தனித்தனியாவே இருக்கட்டும்" என்று இந்தியில் சொன்னேன். "பச்சோன் ஜைஸா மத் லிக்கோ" என்றார். குழந்தை மாதிரி எழுதுகிறேனாம். என் லாகின், என் கம்ப்யூட்டர். ஆகவே அந்த மாற்றமும் என் பெயரில் பதிவு.

இந்த help-இன் லட்சணம் இன்று புரிந்தது. ஐந்து பெயர் கொடுத்தால் ஒவ்வொன்றாகத் தேடும். ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் மொத்தமும் வெற்றி. அகப்படாததைப் பற்றி மூச்சு விடாது. ஐந்துமே இல்லையென்றால்தான் புலம்பும், அதுவும் கடைசிப் பெயரை மட்டும் சொல்லி. மனிதர் உட்கார்ந்து படிப்பதற்கு இது சரிதான். சாக்கனில் முதல் நான்கும் இருந்தன, mapfile இல்லை. வெற்றி வெற்றி என்று உள்ளே விட்டுவிட்டது.

பக்கத்து சீட் சினேகா அன்று எல்லாம் பார்த்தாள். கேட்டேன். "ஹாங் யார், தேகா தா. பர் மேரா நாம் மத் லேனா." பார்த்தாளாம், ஆனால் அவள் பெயரை இழுக்கக் கூடாதாம். டப்பாவிலிருந்து தேப்லா ரொட்டி நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

வீட்டில் அம்மா: "இன்னாடி, மூஞ்ச உர்ருனு வெச்சிக்கினு வர்ற?" சொன்னேன். "கட்டைல போறவன்! அவன் செஞ்சதுக்கு நீ கால்ல வுழணுமா?" அடுத்த மூச்சிலேயே, "இருந்தாலும் வாய மூடிக்கினு இரு. வேலை பர்மனென்ட் ஆவட்டும்." கொத்தமல்லி வாங்க மறந்ததற்குத் தனியாகத் திட்டு.

ஜூலை 9, புதன்

மழை. ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ரிக்‌ஷா.

குல்கர்னியிடம் தனியாக ஓட்டிக் காட்டினேன். பார்த்தார். புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, "கல் கால் மே யே ஸப் மத் போல்னா" என்றார். நாளைக்கு இதையெல்லாம் பேசாதே. மனிதனா இவன்? தெரியாமல் பழி போட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 10, வியாழன்

கால். ஃபேக்டரி பக்கம் காளே, மெயின்டனன்ஸ் பார்ப்பவர். "செல்வி குச் கெஹ்னா சாஹ்தி ஹை", செல்வி ஏதோ சொல்ல விரும்புகிறாள் என்று குல்கர்னி என்னைத் தள்ளிவிட்டார். மன்னிப்பு வரும் என்று காத்திருந்தார்கள். நான் ஸ்க்ரீனைக் காட்டினேன். பழைய ஷெல். ஐந்து பெயரும் ஒரே வரியில்: வெற்றி. mapfile மட்டும் தனியாக: அப்படி ஒரு தலைப்பே இல்லை, தோல்வி. 

காளேக்கு உடனே புரிந்தது. "மக் சூக் குணாச்சீ?" என்றார். அப்படியானால் தப்பு யாருடையது?

நான் வாய் திறப்பதற்குள் குல்கர்னி: "ஷெல் கா பக் ஹை, சர்." ஷெல்லில்தான் கோளாறாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! என் தப்பு என்றிருந்தவரை ஆள் தப்பு. இவர் தப்பு என்று தெரிந்த அடுத்த நொடி மிஷின் தப்பு. காளே ஏதோ முனகினார், கால் முடிந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. முகம் கழுவ சோப்பும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில் அடித்தது. துணி காய்ந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் குல்கர்னியின் மெயில். டீம் முழுக்க, காளேக்கும். ஷெல்லின் குறைபாடாம். "இருந்தாலும் ஜூனியர் டெவலப்பர் கவனித்திருக்க வேண்டும்" என்று கடைசியில் ஒரு வால். டீமில் ஜூனியர் நான் ஒருத்திதான். 

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே உட்கார்ந்து எல்லோருக்கும் பதில் அடித்தேன். ஷெல்லில் குறை இல்லை. ஒன்று கிடைத்தாலும் வெற்றி என்பதுதான் help நடந்துகொள்ளும் விதம். நான் ஐந்து வரியாக எழுதியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லியும் என் சீட்டுக்கு வந்து ஒரே வரியாக்கியவர் குல்கர்னி சார். அனுப்பிவிட்டேன்.

உடனே குல்கர்னியின் போன். குரலில் தேன். "செல்வி பேட்டா..." திடீரென்று நான் மகள். நான் தவறாக எழுதிவிட்டேன் என்று இன்னொரு மெயில் போட்டால் போதுமாம். "மண்டே கோ தும்ஹாரா கன்ஃபர்மேஷன் பக்கா." திங்கட்கிழமை நிரந்தரம், இவரே கையெழுத்துப் போடுவாராம்.

அம்மா அடுப்படி வாசலில் நின்று, ஒத்துக்கோ ஒத்துக்கோ என்று கரண்டியை ஆட்டினாள்.

"நஹீ, சார்" என்றேன். 

"சோச் லோ" என்றார். யோசித்துக்கொள்ளணுமாம். குரலில் தேன் போய்விட்டது. போனை வைத்தேன்.

அம்மா தட்டை டம்மென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். திங்கட்கிழமை ஆபீஸ் கதவில் என் கார்டு வேலை செய்யுமா தெரியாது. பசித்தது. நாலு தோசை சாப்பிட்டேன்.