காந்தம் ஒட்டுகிற பாத்திரம்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் தூறல். திண்டிவனம் தெருவெல்லாம் சேறு. புது வீட்டுக்கு நடந்தே போனேன், ஒரு செருப்பு அறுந்தது. சமையல் மேடைக்கு கிரானைட் வந்துவிட்டது. கறுப்பு, நடுநடுவே வெள்ளைப் புள்ளி. தடவிப் பார்த்தேன். கன்னத்தைக்கூட வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பார்த்திருக்கிறார். கல் அறுக்கிற பாஷா பாய், வாசலில் நின்று சிரித்துக்கொண்டு.

"மேடம், கல்லு எங்கியும் ஓடிடாது. அடுப்பு இன்னான்னு முடிவு பண்ணுங்க. கல்லு மேல வெக்கிறதா, கல்ல அறுத்து உள்ள எறக்குறதா? ஒருவாட்டி அறுத்தா அறுத்ததுதான். வியாழக்கிழமை மிஷினு வேற சைட்டுக்குப் போவுது. ஜல்தி சொல்லிடுங்க."

29ஆம் தேதி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம். எங்கள் வகையறாவில் மாடிப்படி வைத்துக் கட்டிய முதல் வீடு. அதனால் ஊரில் இருக்கிற எல்லோருக்கும் என் அடுப்பைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது.

என் வீட்டுக்காரர் லோடு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததுமே: "மூணு பர்னர் கேஸ் அடுப்பு. முடிஞ்சுது கதை." பேசிவிட்டுத் தூங்கிவிட்டார். அவருடைய அக்கா மலர் அண்ணி, ஒலக்கூரிலிருந்து போனில்: "ரெண்டு பர்னரே போதும்டி எழிலு, நீ என்னா ஓட்டலா நடத்தப் போற?"

எனக்கு மனசில் வேறு ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

வசந்தா அக்கா அடுப்பருகே வர வேண்டும். அவ்வளவுதான்.

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பம்ப் ஸ்டவ் வெடித்தது. அக்காவுக்கு இடது கை, கழுத்து. உயிர் பிழைத்தாள். அன்றிலிருந்து சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. கற்பூரத் தட்டைக்கூடத் தள்ளி நின்றுதான் கும்பிடுவாள். எங்கள் தெருவிலேயே அவள் மீன் குழம்பு மாதிரி ஒருத்தியும் வைத்ததில்லை. விழுப்புரத்தில் தம்பி வீட்டில் இருக்கிறாள். போட்டதைச் சாப்பிடுகிறாள், ஒரு குறையும் சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குறை சொல்லாமல் சாப்பிடுகிறவளா என் அக்கா!

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். லேபில் கூட்டம். ரத்தம் எடுக்கும்போதே ஒரு அம்மாவிடம் உங்கள் வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய், "ஷுகருக்கும் அடுப்புக்கும் சம்மந்தம் இருக்குதாம்மா?" என்றார்.

மதியம் லீவு போட்டு விழுப்புரம். அங்கே பெரிய கடை, ஏசி, முழுக்க அடுப்பு. இனி இதற்குப் பேர் அடுப்பு இல்லையாம், ஹாப்பாம். காட்டிய பெண் நல்லவள். என் மகள் வயது இருக்கும். பொறுமையாகச் சொன்னாள். ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்:

கேஸ் ஹாப் – அழகு. கல்லோடு கல்லாகப் படிந்துவிடும். தீ தீதான். வேண்டாம்.

கரண்டில் ஓடும் சிவப்பு அடுப்பு – எந்தப் பாத்திரமும் வைக்கலாம், பித்தளை, மண் சட்டி எல்லாம். அட, இதுதான் என்று கை தட்டப் போனேன். அந்தப் பெண் சுவிட்சைப் போட்டாள். கண்ணாடிக்கு அடியில் தணல் மாதிரி செக்கச்செவேல். நானே ஒரு அடி பின்னால் போய்விட்டேன். அக்கா ஊரைவிட்டே ஓடிவிடுவாள்.

இண்டக்‌ஷன் – தீ இல்லை, சிவப்பு இல்லை. பாத்திரம் சுடும், கண்ணாடியில் சும்மா கை வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கரண்ட் போனால் பட்டினி. அதோடு எல்லாப் பாத்திரத்துக்கும் ஏறாது.

"எப்படிம்மா கண்டுபுடிக்கிறது?"

"பாத்திரத்தோட அடியில காந்தம் வெச்சுப் பாருங்க ஆன்ட்டி. ஒட்டிச்சுன்னா ஏறும். ஒட்டலைன்னா சூடே ஆவாது."

ஆன்ட்டியாம். போகட்டும்.

அப்புறம் மூலையில் ஒன்று. இரண்டு கேஸ் பர்னர், வலது பக்கம் ஒரு இண்டக்‌ஷன், ஒரே கண்ணாடியில். கல்லை அறுத்து இறக்குவது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பெண் பார்க்கப் போய், காபி வருவதற்குள் சரி சொன்ன மாதிரி.

தம்பி வீட்டுக்குப் போனேன். அக்கா பின்வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே தம்பி பெண்டாட்டி லைட்டரை டக்கென்று அழுத்தினாள். அக்கா கை ஒரு நிமிஷம் நின்றது, மறுபடி ஆய்ந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று, இன்னும்.

"புது வீட்டுக்கு வந்து எங்கூடவே இருந்துடேன்கா."

"எதுக்குடி? வேலைக்குப் போற வூட்டுல குந்திக்கினு தின்றதுக்கா? பால் காய்ச்ச வர்றேன். ரெண்டு நாள் இருக்கறேன். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் பஸ் ஏத்தி வுட்டுடு."

பஸ்ஸில் வரும்போது கண் கலங்கியது. அப்புறம் பக்கத்து சீட்டுக் குழந்தை என் துப்பட்டாவில் பிஸ்கட்டைத் துடைத்தது. சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டேன். பாண்டியில் வாங்கியது, கலங்கரை விளக்கம். வாடகை வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரத்துக்கும் டெஸ்ட். எவர்சில்வர் என்றால் எல்லாம் ஒட்டும் என்று நினைத்தேன். பாதி ஒட்டவில்லை! தோசைக்கல் ஓ.கே. குக்கர் ஓ.கே. பால் குண்டான் ஓ.கே. என் கல்யாண சீர் அண்டா அம்போ. ஒட்டியதையெல்லாம் தனியாக ஒரு சாக்கில் கட்டினேன்.

லேபிலும் விடவில்லை. ஊசி வைக்கிற டிரே நன்றாக ஒட்டியது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

இரவு சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சண்டை. "கரண்டு அடுப்பு எதுக்குடி? மழை வந்தா கரண்டு போவுது, காத்தடிச்சா போவுது. பேஜாரு." "அக்காவுக்குங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? காலைல பாஷா பாய்க்குப் போன் போடு." இன்னொரு தோசை கேட்டார். மூன்று போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கல் அறுத்தாயிற்று. வீடு முழுக்கத் தூசி, பாய் தாடியும் வெள்ளை. நீள அகலத்தைக் கடைக்காரப் பெண்ணிடம் போனில் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவள் கடைசியில், "ஆன்ட்டி, சாப்டீங்களா?" என்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அடுப்பு உட்கார்ந்துவிட்டது. ஒரு நூல்கூட இடைவெளி இல்லை. எலக்ட்ரீஷியன் அதற்கென்று தனி லைன் இழுத்துக் கொடுத்தார். ஆன் பண்ணிப் பார்க்க விடவில்லை மலர் அண்ணி. பால்தான் முதலில் காய வேண்டுமாம். இன்னொன்றும் சொன்னார்: பால் பொங்கும்வரை பழைய பாத்திரம் ஒரு கரண்டிகூடப் புது வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது. எல்லாம் புதுசு. "பால் பானை நான் வாங்கியாறேன், நீ வாங்காத. அது என் சீரு."

சரி என்றேன். அண்ணி வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. தோரணம் கட்டியாயிற்று. பூ வந்துவிட்டது. வாழை இலை காலையில்தான். மகள் காலேஜிலிருந்து வந்துவிட்டாள், வந்ததும் மாடியில் நின்று செல்ஃபி. சாயங்காலம் அக்கா வந்தாள். சின்னப் பை, அதில் இரண்டே புடவை. மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன், இரண்டுதான்.

வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். எட்டிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி கீதே, இதுல எங்கடி தீ?" என்றாள்.

"வலது பக்கத்துல தீயே கெடையாதுக்கா."

"பொய் சொல்லாத" என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு மேல் நல்ல நேரம். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்தாயிற்று, ஹாலில் பரிசுப் பொட்டலம் மலை மாதிரி. கற்பூரம் ஏற்றும்போது அக்கா கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். மலர் அண்ணி சீர்த்தட்டோடு வந்தார். மேலே பட்டுத்துணி மூடி. துணியை எடுத்தார்.

பித்தளைப் பானை. பளபளவென்று, மஞ்சள் கொத்து கட்டி. பித்தளையில் காந்தம் ஒட்டாதே!

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி பானையை வலது பக்கம்தான் வைத்தார். புது அடுப்பை எல்லோருக்கும் காட்ட வேண்டுமே. வீட்டுக்காரர் பட்டனைத் தொட்டார். பீப். பீப். பீப். ஒரு எழுத்து மின்னியது. பால் அசையக்கூட இல்லை.

"ஐயய்யோ, மொதமொதல்ல இப்படி ஆவுதே!" இது அண்ணி. "அடுப்பு கெட்டுப்போச்சா?" இது யாரோ சித்தப்பா. வீட்டுக்காரர் பானையை கேஸ் பக்கம் தள்ளி லைட்டரைத் தேட ஆரம்பித்தார். எனக்கு அழுகை முட்டியது. காந்தம் வைத்துத் தேர்ந்தெடுத்த சாக்கு முழுவதும் வாடகை வீட்டில்! பழசு வரக் கூடாதே!

அப்போது பின்னால் ஒரு குரல். "இன்னாடி அது, அப்படிக் கத்துது?"

அக்கா. சமையலறை வாசப்படியில்.

"பித்தளைக்கு ஏறாதுக்கா. காந்தம் ஒட்டுற பாத்திரம் வேணும்."

"காந்தம் எங்க?"

கைப்பையிலிருந்து கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டு நேராக ஹாலுக்குப் போனாள். கீழே உட்கார்ந்தாள். பரிசுப் பொட்டலத்தை ஒவ்வொன்றாகக் கிழிக்க ஆரம்பித்தாள்! கொடுத்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குடம், ஒட்டவில்லை, தள்ளு. டிபன் கேரியர், ஒட்டவில்லை, தள்ளு. சித்தப்பாவின் குத்துவிளக்கைப் பார்க்கவே இல்லை. "யாரு குடுத்தது இது, இவ்ளோ லேசா?" என்று ஒரு தட்டைத் தட்டிப் பார்த்தாள். கொடுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுகையை மறந்து சிரித்துவிட்டேன். என் அக்கா குறை சொல்கிறாள்!

கடைசியில் எதிர்வீட்டு டீச்சர் கொடுத்த குண்டான். டக்.

"ஒட்டிக்கிச்சு!" அக்கா கத்தினாள். ஹாலே கத்தியது.

கழுவி, மஞ்சள் பூசி, அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். வாசப்படி தாண்டினாள். தாண்டியது அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அண்ணியும் பார்த்தார், சட்டென்று ஒதுங்கி, "வசந்தா, நீயே வையி" என்றார். தன் சீர்ப் பானையிலிருந்து பாலை அவரே குண்டானில் ஊற்றினார்.

அக்கா கையை நீட்டி, முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வைத்தாள். "எத அமுக்கறது?" "இத." அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை, சத்தமில்லை, வெளிச்சமில்லை. ஒரு கண்ணைத் திறந்தாள். பாலின் ஓரத்தில் முத்து முத்தாக நுரை.

"ஏய், காயுதுடி."

பொங்கியது. நன்றாகப் பொங்கி, விளிம்பைத் தாண்டி, கண்ணாடி முழுக்க வழிந்தது. பட்டனில் பால் பட்டதும் பீப் என்று கத்தி அடுப்பு தானே அணைந்துவிட்டது. அக்கா முதலில் துள்ளினாள், அப்புறம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொங்கினா அதுவே நிறுத்திக்குது பாரேன், எவ்ளோ புத்தி!"

வீட்டுக்காரர் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் சிவந்திருந்தது. கற்பூரப் புகை என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

எல்லோரும் ஊருக்குப் போயாயிற்று. பழைய பாத்திரச் சாக்கு வந்துவிட்டது. இடுப்பு வலி.

காலையில் பீப் சத்தத்தில் விழித்தேன். டீ. அக்கா போட்டது. சமையலறையில் தனியாக! சர்க்கரை போட மறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை, இரண்டு டம்ளர் குடித்தேன். வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "ஏன், கை இல்லையா, போட்டுக்கோ" என்று அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனுஷருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இருந்துவிடு என்று மறுபடி கேட்கலாமா? பயமாக இருக்கிறது. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்தேன். சாயங்காலம் விழுப்புரம் பஸ். நினைக்கவே பிடிக்கவில்லை.

பத்து மணிக்குப் பார்த்தால் அக்காவைக் காணோம். மாடியில் இல்லை. அவள் பை அறையிலேயே இருக்கிறது. செருப்பு இல்லை. போன் பண்ணலாம் என்று கைப்பையைத் திறந்தேன். போன் இருந்தது. காந்தம் இல்லை.

அதற்குள் அவளே கூப்பிட்டாள். பின்னால் பஜார் இரைச்சல்.

"ஏய் எழிலு, இங்க கடையில நிக்கறேன். மீன் கொழம்புக்கு அகலமா ஒரு சட்டி, அடி தட்டையா கீது, நல்லா ஒட்டுது. கடைக்காரரு இன்னா இப்படி எல்லாத்தையும் சோதிக்கறன்னு மொறைக்கறாரு. வாங்கிடவா?"

"வாங்குக்கா" என்றேன்.

"அப்போ ஒம் புருசன மீனு வாங்கியாரச் சொல்லு. வஞ்சிரம் வேணாம், சங்கரா."

அவரை எழுப்பப் போகிறேன்.