ஆறாவது மடிப்பில் இருந்த வரி

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா, ஆபரேஷன் தழும்பு குளிர் நாளில் இழுக்கிறது என்றாயே, அது இப்போது எப்படி இருக்கிறது, தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறாயா, பிரஷர் பார்த்துக்கொண்டாயா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அடுத்த வரியிலேயே அது பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை. உங்கம்மா நலம். நான் இப்போது தேவலை. பதறாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து முழுவதையும் படி, பாதியில் நிறுத்திவிட்டு போனை எடுக்காதே, பாதி படித்ததால் வந்த வினைதான் இந்தக் கடிதமே.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நீ போன் செய்தபோது அப்பா குளிக்கிறார், அப்பா தூங்குகிறார் என்று உங்கம்மா சொன்னாளே, அது நான் சொல்லச் சொன்னது, அவளைத் திட்டாதே. முதல் ஞாயிறு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இரண்டாவது ஞாயிறு வீட்டில்தான் இருந்தேன், கட்டிலில் உட்கார்ந்து நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், போனை வாங்கத் தைரியம் வரவில்லை. போன வருஷம் நீ கொடுத்துவிட்டுப் போன கிட்னியை என் உடம்பு தாக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று நாள் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள், அடிவயிற்றில் ஊசி விட்டு அந்தக் கிட்னியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இது தானாக வந்ததில்லை, நான் வரவழைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், போனில் சொன்னால் நீ அழுவாய், உனக்கு முன்னால் நான் அழுவேன், உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சம்பந்தமில்லாமல் வேறு ஏதாவது பேசுவாள்.

முப்பது வருஷமாக அச்சகத்தில் மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற தாளை மடிக்கும் மெஷினிலேயே நின்று, உங்கப்பனுக்கு அரை டாக்டர் என்ற நினைப்பு வந்துவிட்டது உனக்குத் தெரியாததா. தும்மினால் போதும், அதற்கு என்ன மாத்திரை, அதன் பக்கவிளைவு என்ன என்று நான் ஆரம்பித்துவிடுவேன், நீயும் உங்கம்மாவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பீர்கள். நான் சாப்பிடுகிற இந்தக் கிட்னி மாத்திரைக்கான தாளும் எங்கள் அச்சகத்தில்தான் ஓடுகிறது. பொடி எழுத்தில் இரண்டு பக்கமும் அடித்த பெரிய தாள், ஆறு மடிப்பு மடித்தால் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். மெஷினிலிருந்து அது தட்டில் வந்து விழும்போது மேலே தெரிகிற பக்கம் எப்போதும் ஒன்றுதான். இந்த மருந்து உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சாதாரணக் காய்ச்சலும் கடுமையாகலாம் என்று அதில் இருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை அதே வரி கண் முன்னால் வந்து விழுந்தால் அது மந்திரம் மாதிரி மனதில் ஏறிவிடும் போலிருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று விரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, அதை மடிக்கத்தானே எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் மழை விட்டதும் அச்சகத்தில் காய்ச்சல் புகுந்தது. என் பக்கத்து மெஷினில் தாள் வெட்டுகிறவர் பத்து நாளாக இருமிக்கொண்டே வேலை செய்தார், லீவு போடச் சொன்னால் இது வெறும் தொண்டைக் கரகரப்பு என்றார், பிறகு ஒருநாள் நுரையீரலில் சளி கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல திடகாத்திரமான மனிதருக்கே இந்தக் கதி. அந்த வாரமே உங்கம்மாவும் காய்ச்சலில் விழுந்தாள், ஒரே வீடு, ஒரே சமையலறை. எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு நானே குறைத்துக்கொண்டிருக்கிறேன், இந்த நேரத்தில் ஒரு கிருமி உள்ளே போனால் நானும் போய் என்னோடு நீ கொடுத்ததும் போய்விடுமே என்று கணக்குப் போட்டேன். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று உங்கம்மா கிண்ணத்தில் எடுத்து வைப்பாள், நான் ஒன்றை விழுங்கிவிட்டு மற்றொன்றைப் பழைய மூக்குக் கண்ணாடி டப்பாவில் போட்டுவிடுவேன். இப்படிப் பத்தொன்பது நாள். இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பத்தொன்பது நாளும் எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை, நான் செய்ததுதான் சரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன்.

மாதாந்திர ரத்தப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டது. கிட்னி சுணங்கினால் ஏறுகிற அந்தக் கிரியேட்டினின், எப்போதும் ஒன்று புள்ளி இரண்டில் நிற்பது, இரண்டு புள்ளி ஆறு என்று வந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார், நான் ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்று கூசாமல் சொன்னேன். ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று தனியாக ஒரு சோதனை உண்டு, அந்த முடிவு மறுநாள் வந்ததும் அவர் என்னைக் கூப்பிடவில்லை, நேராக உங்கம்மாவுக்கு போன் போட்டார். அவள் வீட்டைக் குடைந்து டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முப்பத்தெட்டு மாத்திரையையும் ஒவ்வொன்றாக எண்ணினாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்ததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். வெள்ளை அணுக்கள் உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்குமாம், எதிரே வருகிற ஒவ்வொன்றின் மேலும் இருக்கிற அடையாளத்தைத் தடவிப் பார்க்குமாம். நம்முடையது என்றால் விட்டுவிட்டு மேலே போகும், இல்லையென்றால் மற்றவற்றைக் கூப்பிடும், பார்த்தது ஒன்றுதான் என்றாலும் அது ஆயிரமாகப் பெருகும், சில நேராகப் போய்க் கொல்லும், சில அந்த ஒரு எதிரிக்கென்றே அளவெடுத்த எதிர்ப்பொருளைச் செய்து ரத்தத்தில் விடும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகும், கொஞ்சம் மட்டும் மிஞ்சி நின்று பார்த்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். உனக்கு ஆறு வயதில் சின்னம்மை வந்து ஒரு மாதம் எங்களைப் படுத்தி எடுத்தாய், அதற்கப்புறம் உன் வகுப்பில் பாதிப் பேருக்கு வந்தபோது உன்னைத் தொடவில்லையே, அதற்குக் காரணம் இதுதானாம். உங்க உடம்பு ரொம்ப நல்ல உடம்புங்க, தன் வேலைய ஒழுங்கா செய்யுது, அதனாலதான் எங்களுக்குத் தலவலி என்றார். நாங்கள் கொடுக்கிற மாத்திரை அந்த வெள்ளை அணுக்களை அடக்கி வைக்கத்தான், ரொம்ப அடக்கினால் கிருமி நுழையும், விட்டுவிட்டால் கிட்னியைத் தின்னும், நடுவில் ஒரு நூல் மாதிரி இடம் இருக்கிறது, அதை நாங்கள் ரத்தம் எடுத்து எடுத்துத்தான் பிடிக்கிறோம், நீங்கள் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து பிடிக்கக் கூடாது என்றார்.

அது வேறு யாருடையதோ இல்லையே, என் சொந்த மகளுடையது, என் ரத்தத்தில் பிறந்தவள், அதை எப்படி அந்நியம் என்று நினைக்கும் என்று நான் அழாத குறையாகக் கேட்டேன். அதற்கு அவர், பிள்ளைக்கு அந்த அடையாளத்தில் பாதி அப்பாவிடமிருந்து வருகிறது, பாதி அம்மாவிடமிருந்து வருகிறது, உங்கள் பாதியை உடம்பு தெரிந்துகொள்கிறது, அம்மாவின் பாதியோடுதான் மல்லுக்கு நிற்கிறது என்றார். பக்கத்தில் நின்ற உங்கம்மா, முப்பத்திரெண்டு வருஷமா வெளிய போட்ட சண்ட பத்தலன்னு இப்ப உள்ளயும் ஆரம்பிச்சிட்டாரா என்றாள். டாக்டரம்மா குலுங்கிச் சிரித்தார், நர்ஸ் பெண்ணும் சிரித்தது, உங்கம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை முதல் தடவையாக முழுவதும் விரித்து மேஜையில் பரப்பி, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்துப் படித்தேன். ஆறாவது மடிப்பில், நட்ட நடுவில் இருக்கிறது, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காப்பதற்கான மருந்து, மருத்துவரைக் கேட்காமல் அளவைக் குறைக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று. எத்தனை லட்சம் தடவை அந்த வரியை நானே என் கையால் உள்ளே தள்ளி மூடியிருப்பேன். எனக்கு இப்போது பயமெல்லாம் வேறு ஒன்றில் இருக்கிறது. பார்த்த முகத்தை உடம்பு மறக்காது என்றாரே, இப்போது அது உன் கிட்னியைப் பார்த்துவிட்டது. வயிற்றில் லேசாகப் பிடித்தால்கூட அங்கே கை வைத்துப் பார்க்கிறேன். நாளை மறுநாள் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள், அதன் முடிவு தெரிந்த பிறகு மீதியை எழுதுகிறேன், நல்லதை மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன் என்று நீ நாளைக்குச் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை எழுதுகிறேன். முடிவு வந்துவிட்டது, ஒன்று புள்ளி ஏழு. இறங்கியிருக்கிறது, ஆனால் பழைய ஒன்று புள்ளி இரண்டுக்கு வராது, போன பங்கு போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நீ எனக்குக் கொடுத்ததில் ஒரு பங்கை நான் அழித்துவிட்டேன் கண்ணு. நீ அங்கே ஒற்றைக் கிட்னியோடு ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே அரை டாக்டர் வேலை பார்த்திருக்கிறேன். என்னைத் திட்டு, நன்றாகத் திட்டு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே, ஒருத்தி திட்டாமல் இருந்ததே எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. உடனே டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, ஏற்றிய மருந்தின் வேகம் குறைகிறவரை வெளியாட்கள் வேண்டாம் என்றிருக்கிறார்கள், விமானத்தில் நூறு பேர் இருமுவார்கள். உங்கம்மா காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டுவிட்டாள், என்னைச் சுற்றியிருப்பவர்களுக்கு வராமலிருந்தால் எனக்கும் வராதாம், நீயும் மாப்பிள்ளையும் போட்டுக்கொண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள். அச்சகத்திலிருந்து தாளை வீட்டுக்கே அனுப்பி அச்சுப் பிழை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிறேன், வேலை நகரமாட்டேன் என்கிறது, முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நிறைவாக வாழவேண்டும், நீ கொடுத்த மனசுக்கு ஒரு குறையும் வராது, இது உன் அப்பா அம்மா இருவருடைய ஆசீர்வாதமும். வருஷப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, வலி மாத்திரையைத் தொடாதே, அதை அரை டாக்டராகச் சொல்லவில்லை, டாக்டரம்மா உனக்கென்று சொல்லி அனுப்பியது. கிளம்பும்போது அவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், எத்தனை வருஷத்தில் என் உடம்பு இதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் என்று. பழகிடும்னு மட்டும் நெனைக்காதீங்க, எத்தன வருஷமானாலும் அதுக்கு இது வெளியாள்தான் என்றார். அதனால் கேட்டுக்கொள், நீ என் மகள் என்பது எனக்குத் தெரியும், என் உடம்புக்குத் தெரியாது, கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. தினம் இரண்டு வேளை, இரண்டிரண்டு மாத்திரையாக, நான்தான் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். மணி எட்டாகப் போகிறது, எழுந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா